ஏரி உடைஞ்சுதுன்னு சொன்னது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம். பெருமழை வந்தாலே வேளச்சேரியில எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புல "செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிருச்சு, உடனே கிளம்புங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட் வந்துரும், தேதி இருக்காது, பேசுறது யாருன்னும் தெரியாது, 2015 டிசம்பர் வெள்ளத்துல பட்ட பயம் இன்னும் போகாததால ஜனங்க அப்படியே நம்பி ஃபார்வர்டு பண்ணிடறாங்க.

சைவ சித்தாந்தத்துல காண்டல் (நேர்ல பாக்குறது), கருதல் (பாத்ததை வச்சு ஊகிக்கிறது), உரை (அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சுக்கிறது)ன்னு அறிவுக்கு மூணு வழி சொல்வாங்க. மூணுமே ஏமாத்தும். வாசல்ல முழங்கால் தண்ணி நிக்குறதை கண்ணால பாக்குறோம், அது நிஜம்தான், ஆனா அதை வச்சு ஏரி உடைஞ்சிருச்சுன்னு முடிவு பண்றது தப்பு, ஏன்னா வேளச்சேரி தாழ்வான பகுதி, சுத்துப்பட்டு மழைத்தண்ணி பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு போக வழியில்லாம இங்கயே தேங்கிடும், செம்பரம்பாக்கத்துல திறக்குற தண்ணி போறது அடையாத்துல.

அதிகமா ஏமாறுறது உரையிலதான். அதே சமயம் அது இல்லாம முடியவும் முடியாது, நடுராத்திரி நாம யாரும் ஏரிக்கரைக்கு போய் மட்டம் பாக்க முடியாதே. அதனால உங்க பேப்பர்ல ஏரி நிலவரம் போடும்போது செம்பரம்பாக்கத்தோட முழு ஆழம் 24 அடியில இப்ப எத்தனை அடி, எத்தனை மணிக்கு அளந்தது, எவ்வளவு கனஅடி திறக்குறாங்க, சொன்ன அதிகாரி யாருன்னு எல்லாத்தையும் சேத்தே போடுங்க சார்.

- ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை