பாஷோவுக்கு முன்னால் தொள்ளாயிரம் வருடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜப்பானிய இலக்கியம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாவது தடவை கோபமாக. பழைய கவிஞர் பாஷோவில் தொடங்கி, நாவலாசிரியர் கவாபாட்டாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, நேராக இன்றைய நாவலாசிரியர் முரகாமியிடம் போய் உட்கார்ந்துவிட்டார் கட்டுரையாளர். பாஷோ பிறந்தது 1644இல். இன்று கிடைக்கிற ஜப்பானிய நூல்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் கோஜிகி முடிந்தது 712இல். நடுவில் இருக்கிற தொள்ளாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு அவர் கொடுத்த இடம் ஒரே ஒரு வரி: அரசவைப் பெண்கள் சில கதைகள் எழுதினார்களாம். சில கதைகள்!

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறவள்தான். ஆனாலும் அந்தப் பெண்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது என்பது எனக்கே தெரிகிறதே, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜப்பானியர்களிடம் மொழி இருந்தது, எழுத்து இல்லை. எழுத்து சீனாவிலிருந்து வந்தது. எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷூவில் 20 தொகுதிகள், 4,500க்கும் மேல் பாடல்கள். அதில் பல இடங்களில் சீன எழுத்தை அதன் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிக்காக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாம் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை, ஆனால் ஒவ்வொரு அசைக்கும் பல கோடுகள் கொண்ட ஒரு முழுச் சீன எழுத்தை வரைய வேண்டும். வேகமாக எழுதி எழுதி அவை வளைந்து தேய்ந்து ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் ஹிராகனா என்ற ஜப்பானிய அசையெழுத்து ஆயின. (அந்த எழுத்துகளை அவர்கள் இன்று அடுக்குகிற வரிசை நமக்குப் பழக்கமானதுதான்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந. புத்த பிக்குகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்ததால் வந்த வரிசை.)

சரி, எழுத்து வந்துவிட்டது. ஆனால் அரசாங்க வேலை, சாஸ்திரம், ஆண்களின் நாட்குறிப்பு எல்லாம் சீனத்தில்தான். ஹிராகனாவுக்குப் பெயரே பெண் கை, அதாவது பெண்கள் எழுதும் எழுத்து. அதில் ஒரு பெரிய நன்மை நடந்தது. பேசுகிற மொழியில் மனசில் இருப்பதை எழுதும் வாய்ப்பு யாருக்குச் சீனம் வேண்டாம் என்றார்களோ அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. கி நோ ட்சுராயுகி என்ற பெரிய கவிஞர், 905இல் அரசாணைப்படி தொடங்கிய கோகின்ஷூ என்ற கவிதைத் தொகுப்பின் தொகுப்பாசிரியர்களில் ஒருவர், தோசா என்ற மாகாணத்தில் ஆளுநராக இருந்துவிட்டுத் தலைநகருக்குத் திரும்புகிறார். அந்தப் படகுப் பயணத்தை ஒரு பெண் எழுதுவதாகப் பாவனை செய்து எழுதினார். தோசாவில் இறந்துபோன சின்ன மகளின் நினைவு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிகாரியின் சீனத்தில் அந்த அழுகைக்கு இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதற்கப்புறம்தான் முராசாகி ஷிகிபு வருகிறார், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அரசவைப் பெண்ணான அவர் எழுதிய நாவல் கெஞ்சியின் கதை 54 அத்தியாயம், உள்ளே எண்ணூறுக்குச் சற்றே குறைவான பாடல்கள். கதாநாயகன் செத்துப்போன பிறகும் கதை நிற்காமல் அடுத்த தலைமுறையோடு போகிறது. அவன் சாவைக் காட்டவே இல்லை. 'மேகத்தில் மறைந்தான்' என்று ஓர் அத்தியாயத் தலைப்பு மட்டும் வழிவழியாக வருகிறது, கீழே ஒரு எழுத்துகூடக் கிடையாது. சகோதரனுக்குப் பாடம் நடக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே சீனம் கற்றவர் முராசாகி. இவள் பையனாகப் பிறக்கவில்லையே என்று அப்பா அங்கலாய்த்தாராம். அரண்மனையில் 'ஒன்று' என்ற எழுத்துகூடத் தெரியாதவர் போல நடித்துக்கொண்டே மகாராணிக்கு ரகசியமாகச் சீனக் கவிதை சொல்லிக்கொடுத்தார். தலையணைப் புத்தகம் எழுதிய செய் ஷோனகோனை, சீன எழுத்துகளை வாரி இறைக்கிற கர்வக்காரி என்று தன் நாட்குறிப்பில் ஒரு பிடி பிடித்திருக்கிறார். நானும் இருவரையும் படித்தேன், எனக்கு ஷோனகோன்தான் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானவள் மூன்றாவது ஒருத்தி. அவள் பெயரே தெரியாது, தகசுவேயின் மகள் என்றுதான் சொல்கிறார்கள். 1008இல் பிறந்தவள். அப்பாவுக்குக் கிழக்கே தொலைதூரத்தில் வேலை. அக்காவும் சித்தியும் கெஞ்சி கதையை அரைகுறை ஞாபகத்தில் சொல்லச் சொல்ல இவளுக்கு ஆசை தாங்கவில்லை. வைத்தியப் புத்தருக்குத் தன் உயரத்தில் ஒரு சிலை செய்து வைத்து, சீக்கிரம் தலைநகருக்கு அனுப்பு, அங்கே இருக்கிற கதைகளையெல்லாம் படிக்க வை என்று யாரும் இல்லாத நேரம் பார்த்து வேண்டிக்கொள்கிறாள். ஊர் மாறிப் போன பிறகு ஓர் உறவுக்காரப் பெண்மணி ஐம்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கிறார். திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, பகலெல்லாம், ராத்திரி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறாள், மகாராணி பதவியெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதுகிறாள். எங்கள் வீட்டுப் பரணில் தொடர்கதைகளை இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். அதைப் படிக்க ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவள் நான். எனக்கு அந்தப் பெண் யாரோ இல்லை.

பிறகு போர்க்காலம். கண் தெரியாத பிக்குகள் பீவா வாத்தியம் மீட்டி ஊர் ஊராகப் பாடிய ஹேய்கே குலத்தின் போர்க்கதை, முகமூடி போட்டு ஆடும் நோ நாடகம், இதையெல்லாம் சொன்னால் கடிதம் நீண்டுவிடும்.

பாஷோ பற்றி ஒரு திருத்தம். அவர் ஹைக்கூ எழுதினார் என்று கட்டுரை சொல்கிறது. அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் மசவோகா ஷிகி என்ற கவிஞர், 1890களில். பாஷோ காலத்தில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் 5-7-5 அசையில் தொடங்க, அடுத்தவர் 7-7இல் பிடித்துக்கொள்ள, இப்படி 36 கண்ணிவரை கோத்துக்கொண்டு போவார்கள். முதல் கண்ணிக்கு ஹொக்கு என்று பெயர். நாம் ஹைக்கூ என்பது அந்தச் சங்கிலியிலிருந்து கழன்று வந்த முதல் வளையம். 1916லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை நமக்கு அறிமுகப்படுத்திவிட்டார், அதையாவது கட்டுரையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாஷோ வாழ்ந்த காலத்தை எடோ காலம் என்பார்கள், 1868 வரை நீண்டது. அப்போது மர அச்சுப் புத்தகங்கள் பரவின, வாடகைப் புத்தகக்காரர்கள் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பாக்கின் என்பவர் எட்டு வீரர்களின் கதையை 1814 முதல் 1842 வரை 28 வருடம் எழுதினார், 106 புத்தகங்கள். கடைசியில் கண் போய்விட்டது. மகனும் இறந்துவிட்டான். மருமகள் மிச்சி உட்கார்ந்து எழுதினாள், அவளுக்கோ சீன எழுத்து அவ்வளவாகத் தெரியாது. கண் தெரியாத கிழவர் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுக்க அவள் எழுதி முடித்தாள். மறுபடியும் ஒரு பெண் கை!

1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் பழைய சிக்கல் திரும்பி வந்தது. எழுத்து நடை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். எப்படி நாவல் எழுதுவது என்று ஃபுதாபதேய் ஷிமேய் என்ற எழுத்தாளர் தன் குருநாதரைக் கேட்க, என்ச்சோ கதை சொல்வது போல எழுதிப் பார் என்றார் அவர். என்ச்சோ மேடையில் கதை சொல்லிப் பிழைத்தவர், அவர் சொன்ன பேய்க்கதை ஒன்றைச் சுருக்கெழுத்தில் பிடித்து 1884இல் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 1887இல் வரத் தொடங்கிய 'மிதக்கும் மேகங்கள்' நாவல். அதன் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தை முதலில் ரஷ்ய மொழியில் எழுதி, அப்புறம் பேச்சு ஜப்பானியத்துக்கு மாற்றியதாகச் சொல்கிறார்கள். முரகாமி முதல் நாவலின் தொடக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துத் தன் நடையைக் கண்டுபிடித்தார் என்று கட்டுரையாளர் ஒரு பத்தி வியந்திருக்கிறாரே, அது தொண்ணூறு வருடப் பழைய வித்தை.

இதே காலத்தில் ஹிகுச்சி இச்சியோ என்ற பெண், சிவப்பு விளக்குப் பகுதிக்குப் பக்கத்தில் மிட்டாய்ச் சில்லறைக் கடை வைத்துப் பார்த்து நஷ்டப்பட்டு, அந்தத் தெருப் பிள்ளைகளைப் பற்றி எழுதி, 1896இல் 24 வயதில் காசநோயில் போய்விட்டார். எல்லோரும் பேச்சுநடைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அவர் பழைய நடையிலேயே எழுதினார், அதிலும் அந்தத் தெரு உயிரோடு இருக்கிறது. ஆக, நான் மேலே சொன்ன பேச்சு மொழிக் கணக்கும் இவரிடம் வந்து உதைக்கிறது. 2004இல் 5,000 யென் நோட்டில் அவர் முகத்தைப் போட்டார்கள், உங்கள் கட்டுரையில் பெயரைக்கூடக் காணோம்.

கட்டுரைக்கு இரண்டாம் பாகம் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். தகசுவேயின் மகளுக்கு ஒரு பத்தியாவது கொடுக்கச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் முரகாமி படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போடலாம், போன தடவை முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.