கோப்பான் படிக்கட்டும் அரசியல்தான்

ஆசிரியருக்கு,

மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிகத்துப் பிரமிடுகள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை அவற்றை வழிபாட்டுத் தலங்களாக மட்டுமே காட்டியது. அரசனின் அதிகாரத்தை ஊரறியப் பறைசாற்றக் கட்டியவையும்கூட அவை.

ஹோண்டுராஸில் உள்ள கோப்பான் என்ற மாயா நகரில், ஒரு பிரமிடின் மேல் ஏறும் எழுத்துப் படிக்கட்டையே பாருங்கள். கி.பி. 738-இல் அந்நகரின் 13-ஆம் அரசரை, அதுவரை கோப்பானுக்கு அடங்கியிருந்த கிரிகுவா நகரின் அரசர் சிறைபிடித்துத் தலையை வெட்டினார். கோப்பானுக்கு அது பேரிழுக்கு. கொல்லப்பட்டவர் தொடங்கிவைத்த படிக்கட்டை 15-ஆம் அரசர் பெரிதாக்கினார். 60-க்கும் மேற்பட்ட படிகள். அவற்றின் முகப்பில் சுமார் 2,200 எழுத்துருக்களில் வம்ச வரலாறு. நடுநடுவே ஈட்டியும் கேடயமும் தாங்கி அமர்ந்த முன்னோர் சிலைகள். எங்கள் பரம்பரை அறுபடவில்லை என்று சதுக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லும் ஏற்பாடு இது. மாயா உலகில் இதைவிட நீளமான கல்வெட்டு இல்லை.

ஆனால், வெளியே இருந்த பகட்டு உள்ளே இல்லை. சுண்ணாம்புச் சாந்தில்லாமல் மண்ணையும் கல்லையும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பிடிமானம் தளர்ந்து மேற்படிகள் சரிந்தன. 1930-களில் அமெரிக்காவின் கார்னகி ஆய்வு நிறுவனத்தார் அவற்றை மீண்டும் அடுக்கியபோது மாயா எழுத்தை முழுமையாகப் படிக்க யாருக்கும் தெரியாது. சரியாமல் நின்ற அடிப்படிகள் தவிர, பெரும்பாலான கற்கள் இடம் மாறிவிட்டன. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான இந்தக் கல்லை மழை அரிக்கும் என்பதால் இப்போது மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை இதன் படத்தை வெளியிடும்போது, மேற்படிகளின் வரிசை பழைய வரிசை அல்ல என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

– வரலாற்று ஆர்வலர், மதுரை