ஐகான் நசுங்காமல் இருக்க விகிதப் பூட்டு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சொந்தப் படத்தை டெஸ்க்டாப் ஐகானாக மாற்றுவது பற்றி உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த குறிப்பில், படத்தைச் சிறிதாக்கும்போது விகிதப் பூட்டை (அகலத்தை மாற்றினால் உயரமும் அதே விகிதத்தில் மாறும்படி செய்யும் தேர்வை) போட்டுக்கொள்ளும்படி ஒரு வரி இருந்தது. அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்தினால் படம் நசுங்கத்தான் செய்யும். ஏன் என்பதையும், விடுபட்ட படி எது என்பதையும் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

1200×800 பிக்சல் கொண்ட ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பூட்டைப் போட்டு அகலத்தை 256 ஆக்கினால் உயரம் தானாக 171 ஆகும். இதுவரை விகிதம் கெடவில்லை. இந்த 256×171 படத்தை ஐ.சி.ஓ. கோப்பாக (விண்டோஸ் ஐகானுக்கான கோப்பு வடிவம்) சேமித்து ஷார்ட்கட்டுக்குக் கொடுத்தால்தான் வினை. விண்டோஸ் ஐகானுக்கு ஒதுக்கும் இடம் சதுரம். 171ஐ 256க்கு இழுத்து அந்த இடத்தை நிரப்பிவிடும். உயரம் ஒன்றரை மடங்காகி, வட்டமான முகம் புடலங்காயாக நீளும். ஐ.சி.ஓ. வடிவம் செவ்வகத்தைத் தடுப்பதில்லை என்பதால் சேமிக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது. கோப்பின் தலைப்பில் அகலத்துக்கு ஒரு பைட், உயரத்துக்கு ஒரு பைட் எனத் தனித்தனியே இடம் உண்டு.

ஆகவே சதுரமாக்க வேண்டியது படத்தை அல்ல, அது அமரும் கேன்வாஸை. நீளமான பக்கத்தின் அளவிலேயே கேன்வாஸை வைத்து, குறையும் பக்கத்தில் ஒளிபுகும் வெற்றிடத்தைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன படத்துக்கு 1200×1200 கேன்வாஸ். மேலே 200, கீழே 200 பிக்சல் வெற்றிடம். கைபேசித் திரைப்பிடிப்பு 1080×1920 என்றால் கேன்வாஸ் 1920×1920. இடமும் வலமும் 420. இதன் பிறகு எந்த அளவுக்குச் சுருக்கினாலும் சதுரம் சதுரமாகவே இருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் செய்வதானால், முதலில் லேயர் (படத்தின் அடுக்கு) மெனுவில் ஆல்ஃபா சேனலை, அதாவது ஒளிபுகும் தன்மையைப் பதிவு செய்யும் பகுதியை, சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிடம் ஒளிபுகாமல் பின்னணி நிறத்தால் நிரம்பிவிடும். அடுத்து இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: அகல, உயரப் பெட்டிகளுக்குப் பக்கத்திலிருக்கும் சங்கிலிக் குறியை (அதுதான் விகிதப் பூட்டு) இங்கே கழற்றிவிட வேண்டும். பூட்டியே இருந்தால் உயரத்தை 1200 ஆக்கும்போது அகலம் 1800க்குத் தாவும். சதுரம் வரவே வராது. படத்தைச் சுருக்கும்போது சங்கிலி வேண்டும், கேன்வாஸை விரிக்கும்போது கூடாது. இரண்டு பெட்டியிலும் 1200 கொடுத்து, சென்டர் பொத்தானை அழுத்தி, எல்லா லேயர்களும் சேர்ந்து விரியும்படி தேர்ந்தெடுத்து முடிக்கலாம்.

ஐகான் பல அளவுகளில் காட்டப்படும் என்பதால், பிறகு அந்த லேயருக்கு மூன்று நகல் எடுத்து, நான்கையும் ஸ்கேல் லேயர் மூலம் 256, 48, 32, 16 என மாற்றுங்கள். 256ஐச் சுருக்கி 48, அதைச் சுருக்கி 32 என்று போகாமல் ஒவ்வொன்றையும் பெரிய லேயரிலிருந்தே சுருக்கினால் தெளிவு கெடாது. ஐ.சி.ஓ. ஆக ஏற்றுமதி செய்யும்போது ஒவ்வொரு லேயரும் ஓர் அளவாகக் கோப்புக்குள் போகும். 256க்கு மட்டும் பி.என்.ஜி. (ஒளிபுகும் தன்மையைக் காக்கும் பட வடிவம்) சுருக்கத்தை டிக் செய்யலாம். சுருக்காவிட்டால் அந்த ஓர் அளவே 256 கிலோபைட்டைத் தாண்டும்.

வெற்றிடம் சேர்ப்பது எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. முகம் உள்ள புகைப்படத்தில் 1:1 விகிதத்தில் வெட்டுவதே மேல். கைபேசித் திரைப்பிடிப்பை முழுதாக வைத்தால் 16 அளவில் அதன் அகலம் வெறும் 9 பிக்சல். அதில் எதுவும் தெரியாது. நான்குக்கு ஒன்று என நீண்ட நிறுவனப் பெயர்ப்பட்டை 32 அளவில் 8 பிக்சல் உயரமே வரும். எழுத்தைப் படிக்க முடியாது. அதில் சின்னத்தையோ முதல் எழுத்தையோ மட்டும் எடுத்துச் சதுரமாக்குவதுதான் வழி. 16 அளவுக்கு எப்போதும் தனியாக, இன்னும் நெருக்கமாக வெட்டிய படம் தேவை என்பது என் கருத்து. 1200க்கு 200 என்ற வெற்றிடம் 16இல் 2.67 பிக்சல் ஆகிறது. பிக்சலின் நடுவில் விழும் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும்.

இடையில் எங்கும் ஜே.பி.ஜி. ஆகச் சேமிக்காதீர்கள். அதில் ஒளிபுகும் தன்மை கிடையாது. வெற்றிடம் வெள்ளைப் பட்டையாகவோ கறுப்புப் பட்டையாகவோ ஐகானில் நிலைத்துவிடும். பி.என்.ஜி. கோப்பின் பெயர்நீட்சியை மட்டும் ஐ.சி.ஓ. என்று மாற்றுவதும் வேலைக்கு ஆகாது. உள்ளே பல அளவுகள் சேராது. இணையத்தில் மாற்றித் தரும் தளங்களில் சில செவ்வகத்தைக் கேட்காமலே இழுத்துச் சதுரமாக்கிவிடும். சதுரமாக்கிய பி.என்.ஜி.யைக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. 64 பிக்சல் படத்தைப் பெரிதாக்கி 256 செய்தால் விகிதம் சரியாக இருந்தும் படம் குழம்பும். மூலப்படத்தின் சிறிய பக்கமே 256க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஐகானைப் பொருத்துவது எளிது: ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் சேஞ்ச் ஐகான், ஃபோல்டருக்கு அதே ப்ராப்பர்டீஸில் கஸ்டமைஸ் தாவல். ஐ.சி.ஓ. கோப்பை முதலில் நிலையான ஓரிடத்தில் வைத்துவிடுங்கள்; பிறகு இடம் மாற்றினால் ஐகான் காணாமல் போகும். ஷார்ட்கட்டின் இடது கீழ் மூலையில் அம்புக்குறி ஏறும் என்பதால் முக்கியமான பகுதி அங்கே வேண்டாம்.

திருத்திய கோப்பை அதே பெயரில் சேமித்தால் பழைய நசுங்கிய ஐகானே திரும்பத் தெரியக்கூடும். விண்டோஸ் ஐகான்களைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருப்பதே காரணம். செய்தது வீண் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கோப்புக்குப் புதுப்பெயர் கொடுத்து மீண்டும் தேர்ந்தெடுத்தால் போதும். பிறகு டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டி, எல்லா அளவிலும் படம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மேக்கில் ஐ.சி.ஓ. தேவையில்லை. சதுர பி.என்.ஜி.யைப் ப்ரிவ்யூவில் திறந்து, படத்தை நகலெடுத்து, கெட் இன்ஃபோ சாளரத்தின் மேல் மூலையிலுள்ள சின்ன ஐகானைத் தேர்ந்தெடுத்து ஒட்டலாம். லினக்ஸில் பி.என்.ஜி. அல்லது எஸ்.வி.ஜி. (கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன பட வடிவம்) நேரடியாகவே செல்லும், எஸ்.வி.ஜி. என்றால் அதன் வியூபாக்ஸ், அதாவது படம் அமரும் சட்டம், சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்