புல்லுக்குள் ஓடும் குருவி

ஒன்டாரியோ,
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்தைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள்.

போனில் பேசும்போது பின்னால் ஏதோ பூச்சி கத்துகிறதே என்று கேட்டீர்கள். அது குருவி, சவானா ஸ்பாரோ. எதிரிலுள்ள தீவனப் புல் வயலின் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து, ‘சிட் சிட் சிட்’ என்று தொடங்கி, ‘ஸீஈஈ’ என்று இழுத்து முடிக்கும். இதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் சிட்டுக்குருவி அளவைவிடச் சற்றுச் சிறியது, 20 கிராம் இருக்கும். வெண்மையான மார்பில் பழுப்புக் கோடுகள். இங்கே கோடு போட்ட குருவிகள் பல இருப்பதால் ஆள் மாறிப்போகும். சாங் ஸ்பாரோவுக்கு வால் நீளம், நுனி உருண்டை. இதற்கு வால் குட்டை, நுனியில் சிறு வெட்டு. கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தீற்று ஒன்றும் உண்டு, ஆனால் சிலவற்றுக்கு அது மங்கல். அதனால் நான் முதலில் வாலைத்தான் பார்க்கிறேன்.

கூடு தரையில், காய்ந்த புல் கவிந்த சிறு குழியில். ஆள் நெருங்கினால் பெட்டை உடனே பறக்காமல், எலி போலப் புல்லுக்குள் ஓடிச் சற்றுத் தள்ளி எழும்பும்.

இதில் உள்ள சிக்கல் உங்களுக்குத்தான் சரியாகப் புரியும். புல் முற்றுமுன் அறுத்தால்தான் மாட்டுக்குச் சத்து. அறுப்பு ஜூனில் வருகிறது. கூட்டில் முட்டையும் அப்போதுதான். அடைகாக்க 12 நாள், குஞ்சு கூட்டைவிட்டு இறங்க மேலும் 10 நாள். இறங்கினாலும் ஒழுங்காகப் பறக்கத் தெரியாது. ஜூலை நடுவரை பொறுத்தால் பெரும்பாலானவை தப்பும். வயல்காரர் கறவை மாட்டை நம்பியிருப்பவர், பொறுப்பதில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் தேங்கும் மூலையை மட்டும், டிராக்டர் புதைந்துவிடும் என்று கடைசிக்கு விடுகிறார். அந்த மூலைக் கூடுகளுக்கு அதுதான் ஆயுள்.

குளிர் வருமுன் இவை தெற்கே, மெக்சிகோ வரைகூடப் போய்விடும். கனடாவின் கிழக்குக் கரையில், ஃபண்டி விரிகுடாவின் கென்ட் தீவில் இவற்றின் காலில் அடையாள வளையம் மாட்டிப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள். பிறந்த இடத்துக்கே திரும்புபவை ஏராளம். இந்த வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள். குருவிக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையா என்பாள்.

மேட்டூர் திறந்தார்களா? நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும், குறுவைக்கு என்ன ரகம் விதைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்