ஏழு பேர், ஏழு பெல்ட்

குகை, சேலம்
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். கடிதம் என்றால் கை தானாக எழுதிவிடும் வரி இது. இன்றைக்கு ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துப் பார்த்து எழுதுகிறேன். அத்தை முட்டிவலியோடு நலம். மாமா சர்க்கரையோடு நலம். யாழினி நாலாம் வகுப்பு. ரெட்டைக்குப் பதினாலு மாதம் முடிந்தது. சின்னவன் நடக்கிறான், பெரியவன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகிறான். இவருக்குப் பட்டறை ஓடுகிறது. வெள்ளி விற்கிற விலைக்குக் கொலுசு ஆர்டர்தான் குறைந்துபோச்சு.

ஏழு மாசமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ போன் செய்தபோதெல்லாம் பிள்ளை அழுகிறான் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிள்ளை அழுதது நிஜம்தான். ஆனால் காரணம் அதில்லை. சித்திரையில் ஒன்று நடந்தது. அதைச் சொன்னால் உன் தம்பி ரவியைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று பயந்தேன்.

ஏற்காடு பக்கம் நாகலூர் அண்ணி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. நம் பழைய வேகன் ஆரில் போனோம். முன்னால் இவரும் மாமாவும், மாமா மடியில் பெரியவன். பின்னால் நான், அத்தை, யாழினி, என் மடியில் சின்னவன். ஐந்து பேர் வண்டியில் ஐந்து பேர்தானே, இரண்டும் கைக்குழந்தைதானே என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சீர் முடிந்து இருட்டுகிற நேரம் கிளம்பினோம். டிக்கியில் இரண்டு பலாப்பழம், ஒரு மூட்டை மிளகு, அண்ணி கொடுத்த காப்பித்தூள். ஏற்காட்டைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் இவர் நாலாவது கியரிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை என்பதால் எதிரே கார் மேல் கார். இருபது வளைவில் ஏழெட்டு கடந்திருப்போம், தீய்ந்த வாசனை வந்தது. எஸ்டேட்டில் சருகு எரிக்கிறான் என்றார் மாமா. பன்னிரண்டாவது வளைவுக்கு முன்னால் இவர் ஒன்றும் பேசாமல் காலை மட்டும் வேகமாகத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்தேன். "கலை, மிதி பஞ்சு மாதிரி போகுது" என்றார்.

அந்தக் குரல் எனக்கு இன்னமும் ராத்திரியில் கேட்கிறது.

இரண்டாவது கியருக்குத் தள்ளினார். இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, வண்டியை மலையோரம் ஒதுக்கி, இடது சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கி நின்றது. பெரிய வேகம் ஒன்றுமில்லை, நடந்து வருகிறவன் ஓடினால் பிடித்துவிடலாம். அந்த வேகத்துக்கே மாமா கையிலிருந்த பெரியவன் நழுவி டாஷ்போர்டில் நெற்றி மோதினான். எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியது. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை. ஆனால் மாமா அங்கே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெட்டியாத்தாம்மா புடிச்சிருந்தேன். கை விட்டுடுச்சு." நாற்பது வருஷம் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிய கை, செல்வி. ஒரு கண்ணி நழுவவிடாத கை.

மேலேயிருந்து வந்த பஸ் டிரைவர் நிறுத்தி இறங்கி வந்தார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. இவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனதைப் பார்த்து, "ஊத்திடாதீங்க, அரை மணி நேரம் அப்படியே விடுங்க" என்றார். அப்புறம் சொன்னார்: "எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்கணுங்க. பிரேக்கு நிறுத்தறதுக்கு, இறக்கறதுக்கு இன்ஜினு." திட்டவில்லை. நாங்கள் கிளம்பி, அடிவாரம் வரைக்கும் அந்த பஸ் எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தது.

மறுநாள் மெக்கானிக் பிரேக் ஆயிலைச் சொட்டு எடுத்துக் காட்டினார். டிகாஷன் நிறம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும். மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. நாங்கள் வழக்கமாக விடும் சர்வீஸ் பில்லில் மூன்று முறை மாற்றியதாக எழுதிப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி ரவியை நினைத்தேன். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது, தலையில் இல்லை என்று நீ ஒரே ஒருமுறை சொன்னாய். பக்கத்தில்தானே போகிறேன் என்றான் என்றும் சொன்னாய். அதற்கு மேல் நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் 'மடிதானே', 'குழந்தைதானே' என்று எத்தனை 'தானே' சொல்லியிருக்கிறோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் இருநூறு முந்நூறு கிலோவாகக் கனக்கும். மாமா கை மட்டுமில்லை, எந்தக் கையும் தாங்காது. இதை மாமாவிடமே சொன்னேன். அப்போதுதான் அவர் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்.

சரி, வண்டிக் கதைக்கு வருகிறேன். ஏழு பேர் ஏறினால் ஏழு பெல்ட் இருக்கணும், மடிக்கணக்கே கூடாது. இதுதான் நான் போட்ட நிபந்தனை. வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்த வண்டி என்பதில் ஆறு மாசம் போனது.

இவருக்கு இன்னோவா மேல் உயிர். 2005-இல் அது வந்த நாளிலிருந்தே. தெரிந்தவர் ஒருவர் பழைய வண்டி ஒன்றை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மலைக்கு அதைப்போல வராது, ஒத்துக்கொள்கிறேன். அத்தையை ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடித்து வலது காலைத் தூக்கினார். கால் பாதி உயரம் வந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, கீழே இறங்கிவிட்டது. "நல்ல வண்டிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவர் அதற்கப்புறம் இன்னோவா என்ற பேச்சையே எடுக்கவில்லை. புது டீசல் வண்டி வேறு எதுவும் எங்களுக்கு ஒத்துவராது. 2020-க்குப் பிறகு வந்த டீசலில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கிற வடிகட்டி இருக்கிறது. அது எரிந்து சுத்தமாக நீண்ட ஓட்டம் வேண்டும். நம் ஓட்டம் குகையிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட். அடைத்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு மனசு ரெனோவின் ஏழு சீட் வண்டி ட்ரைபரில் இருந்தது. நாலு மீட்டருக்குள் அடங்கும், நம் சந்தில் கம்பத்தைத் தொடாமல் திரும்பும், கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம். செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியதும் மாமா பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டார். நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் இருக்கிற பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம், மிஞ்சினால் 40. இதற்கு மேல் நம் மாநில லைஃப் டாக்ஸ்: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13, பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். எல்லாக் கணக்கும் சின்ன வண்டிக்கே சாய்ந்தது. ஆனால் ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் டிக்கி 84 லிட்டர். பிள்ளைகளின் துணிப்பை இரண்டு வைத்தால் முடிந்தது. இன்ஜின் ஒரு லிட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜினுக்கு உச்சியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பலம் குறைந்துவிடும். ஏழு பேரோடு அதை வளைவில் இழுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்கள் ராமநாதபுரத்தில் மேடென்றால் வேகத்தடைதான், உனக்கு இந்தக் கவலை புரியாது. நாலு பேர் உள்ள வீடாக, ஊருக்குள் ஓட்டமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அப்புறம் ஓமலூர் ரோடு ஷோரூம்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள்தான். இங்கேதான் யாருமே சொல்லாத ஒரு சிக்கல் வந்தது, கேள். குழந்தை சீட்டை இறுக்க ஐசோஃபிக்ஸ் கொக்கி நடு வரிசையின் இரண்டு ஓரத்தில்தான் இருக்கிறது. நடு வரிசையின் ஓர சீட்டை மடித்தால்தான் கடைசி வரிசைக்குப் போக முடியும். இரண்டு ஓரத்திலும் இரண்டு குழந்தை சீட்டை மாட்டிவிட்டால் வழி இரண்டும் அடைத்துக்கொள்ளும்! யாழினியும் மாமாவும் டிக்கி வழியாகவா ஏறுவார்கள்? எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தை சீட்டைக் கடன் வாங்கிக் கையோடு கொண்டுபோனேன். மாட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் விற்பனைப் பையன் திகைத்தான். "எதுக்கு மேடம் சிரமம், மடியில வச்சுக்கலாமே. எல்லாரும் அப்படித்தான்." பக்கத்தில் நின்ற மாமா, "தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து முக்கால் மணி நேரம் எங்களோடு மல்லுக்கட்டினான்.

முடிவில் கிடைத்த ஏற்பாடு: ஒன்று டிரைவருக்குப் பின்னால் கொக்கியில். இன்னொன்று அதை ஒட்டி நடு சீட்டில், பெல்ட்டால் கட்டி. இடது ஓர சீட்டை மடித்தால் யாழினியும் மாமாவும் பின்னால் போகலாம். அவர்கள் உட்கார்ந்ததும் சீட்டைத் திருப்பிப் போட்டு அத்தை ஏறலாம். ரெட்டை இரண்டும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரும். கழுத்து இன்னும் இளசு, முடிகிற வரைக்கும் அப்படித்தான் வைக்கணும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் மட்டும் அப்படி வைக்கவே கூடாது. உன் மகளுக்கு வரும் தையில் பிரசவம் என்றாயே, இதை அப்படியே அவளிடம் படித்துக் காட்டு. எந்த வண்டி பார்த்தாலும் நடு சீட்டில் தோளுக்கும் பெல்ட் வருகிறதா, இடுப்புக்கு மட்டும்தானா என்று கையால் இழுத்துப் பார்க்கச் சொல்.

கியா கேரன்ஸும் மாருதி எர்டிகாவும் கடைசி வரை நின்றன. கேரன்ஸ் கொஞ்சம் நீளம், 4540 மில்லிமீட்டர், எர்டிகா 4435. பட்டறை டேப்பை எடுத்துவந்து சந்து முனையை இவர் நாலு முறை அளந்தார். கம்பத்துக்கும் பூக்காரம்மா திண்ணைக்கும் நடுவே அந்தப் பத்துச் சென்டிமீட்டரில் எங்கள் விதி இருந்தது. அத்தை எர்டிகாவில் கதவைத் திறந்து, திரும்பி, அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். யார் தோளையும் பிடிக்கவில்லை. எழுந்து வரவும் இல்லை, "ஏசி போடச் சொல்லு" என்றார். முடிந்தது. பெட்ரோல், கையால் கியர் போடுவதுதான். சி.என்.ஜி. மைலேஜ் ஆசை காட்டியது. சிலிண்டர் டிக்கியை விழுங்கிவிடும் என்று விட்டுவிட்டோம்.

ஸ்கூட்டர் இருக்கும், யாழினிக்கும் எனக்கும். அவள் அளவுக்கு ஹெல்மெட் வாங்கியாச்சு, தெருவில் சிரிக்கிறார்கள் என்று இரண்டு நாள் அழுதாள், இப்போது அவளே மாட்டிக்கொள்கிறாள். ரெட்டையை ஸ்கூட்டரில் ஏற்றுவதில்லை. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் வார், தலைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்குள் வேகம் என்று 2023-லிருந்து விதியே இருக்கிறது. இரண்டு பேரை எப்படிக் கட்டுவது? வேகன் ஆரைக் கொடுத்துவிட்டோம். வாங்கியவரிடம் பிரேக் கதை முழுவதும் சொல்லித்தான் கொடுத்தோம்.

மார்கழி வேண்டாம் என்கிறார் அத்தை. தை பிறந்ததும் வண்டி வருகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூஜை போட்டுவிட்டு நேரே ஏற்காடு, அண்ணி வீட்டுக்கு. மாமாதான் வரமாட்டேன் என்கிறார். சித்திரைக்கு அப்புறம் அவர் மலைப் பக்கமே திரும்பவில்லை. பிள்ளைகள் இரண்டும் அவரிடம் ஓடினால்கூட நின்றுகொண்டு தூக்குவதில்லை, தரையில் உட்கார்ந்துதான் மடியில் வாங்குகிறார். நான் சொல்லிப் பார்த்தேன், இவர் சொல்லிப் பார்த்தார். நீ சொன்னால் கேட்பார். போன வருஷம் ஆடியில் மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கைக்கு வந்தபோது உன்னோடு திண்ணையில் உட்கார்ந்து விடியும்வரை பேசினாரே. பொங்கலுக்கு வா, செல்வி. உன் வீட்டுக்காரருக்கு நான் பேசிக்கொள்கிறேன்.

நீ வந்தால் எட்டு பேர் ஆகிவிடும். பெல்ட் ஏழுதான். அதனால் நீயும் நானும் காலேஜ் நாளில் போனதுபோலக் கோரிமேட்டில் பஸ் ஏறிவிடலாம், அவர்கள் காரில் பின்னால் வரட்டும். எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன். பதினாலாவது வளைவு இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது.

உன்
கலை