பதின்வயதுப் பிள்ளைகளும் கப்பலில் போகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பயண இணைப்பில் கப்பல் சுற்றுலா பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'நால்வர் குடும்பத்துக்கு ஒரே கேபின் போதும், பிள்ளைகள் குதூகலமாக மேல்படுக்கையில் ஏறிக்கொள்வார்கள்' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். என் மகனுக்கு 17 வயது, ஆறடி உயரம். அவன் மேல்படுக்கையில் ஏறியதைப் பார்த்தவள் நான். குதூகலம் எதுவும் தென்படவில்லை.

சாதாரண கேபின் சுமார் 15 சதுர மீட்டர் இருக்கும், குளியலறையும் அதற்குள்தான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இரவில் சோபாவை விரித்து, கூரையிலிருந்து மேல்படுக்கையையும் இறக்கிவிட்டால் தரை என்று ஒன்று மிஞ்சாது. 14 வயதுப் பெண் உடை மாற்ற குளியலறையை விட்டால் வேறு இடம் ஏது? அவள் வெளியே வரும்வரை மற்ற மூவரும் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஒரே கேபினில் என்ன லாபம் என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாம் நான்காம் ஆளுக்குக் குறைவு. இரண்டு கேபின் என்றால் நால்வருக்கும் முழுக் கட்டணம். சரி, ஆனால் பால்கனி வைத்த ஒரு கேபினுக்கு நால்வர் கொடுப்பதையும், ஜன்னலே இல்லாத இரண்டு உள்கேபின்களுக்கு ஆவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் பெரிய வித்தியாசம் இருக்காது. குளியலறை இரண்டு. போதாததற்குக் கும்மிருட்டு வேறு, பிள்ளைகள் மதியம்வரை எழவே மாட்டார்கள். அந்த வயதில் வேறென்ன கேட்கப்போகிறார்கள்?

இதில் சிக்கலும் உண்டு, அதையும் அவர் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் கதவு வைத்த கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'கேபின் எண்ணை நாங்களே ஒதுக்குவோம்' என்று மலிவாகத் தருவதை வாங்கினால் பிள்ளைகள் வேறு தளத்துக்கே போய்விடலாம். பல நிறுவனங்கள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் பெயர் இருக்க வேண்டும் என்கின்றன, சிலவற்றில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடுத்தடுத்த கேபின் என்றால் சில இடங்களில் விலக்கு உண்டு. எங்களுக்கு முன்பதிவு செய்த ஏஜென்ட் இதைப் பற்றியெல்லாம் மூச்சுவிடவில்லை. கடைசி நேரத்தில் பெயர்களை மாற்ற அலைந்தது நாங்கள்.

உங்கள் இணைப்பில் பிள்ளை என்றாலே ஐந்து வயது, கையில் மணல்வாளி. ஹோட்டல் கட்டுரையானாலும் தொட்டில் கிடைக்குமா என்பதோடு முடிந்துவிடும். பன்னிரண்டு தாண்டியவர்களை எல்லாரும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது! இதைப் பற்றி முன்பும் பணிவாக எழுதினேன். இடப் பற்றாக்குறையால் வெளியாகவில்லை என்று எடுத்துக்கொண்டேன், ஆனால் அந்த வாரம் குறுக்கெழுத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்திருந்தது. அப்புறம் அந்தப் படங்கள்! அகலக்கோண லென்ஸில் எடுத்து, கேபினைக் கல்யாண மண்டபமாக்கிவிடுகிறீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை நான்கு படுக்கைகளையும் விரித்துப் போட்டு எடுத்த படமாக வெளியிடுங்கள். நிற்க இடமிருந்தால் கட்டுரையாளரையும் அதில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வளர்ந்த பிள்ளைகள் இருவரின் தாய்