ஞாயிறு சந்திப்பு: நம் நூலக அக்காவுடன் ஒரு மாலை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு, வழக்கம்போல் லிட்டில் இந்தியாவில் உள்ள செயலாளர் வீட்டு மாடியில் கூடுகிறோம். இம்முறை கவிதை வாசிப்பு இல்லை. பினாங்கின் பொது நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய நம் அக்கா பேச வருகிறார். தாமதக் கட்டணம் கட்டாமல் ஒளிந்து திரிந்தவர்களும் தைரியமாக வரலாம். அவர் மறந்திருக்க மாட்டார், ஆனால் கேட்கவும் மாட்டார்.

தமிழ் நூல் அடுக்கைப் பற்றிக் கேளுங்கள், நிறுத்தமாட்டார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 போதும். தமிழ் இலக்கியத்துக்கோ 894.811. ‘நம்மைப் புள்ளிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்’ என்று இன்றும் முறைத்துக்கொள்கிறார். சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறை என்ற தம் சொந்த நூல் பகுப்பு முறையை வெளியிட்ட கதைக்கு வந்தால்தான் முகம் மலரும்.

விடியற்காலையில் அவரைத் தாவரவியல் பூங்காவில் பார்க்கலாம். நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

கிழிந்த புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். மைதாப் பசையால் முதுகு ஒட்டும் வித்தையைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். செலோடேப் ஒட்டிய புத்தகத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டவேண்டாம். அது மஞ்சளித்துத் தாளையும் கெடுத்துவிடும் என்று அரை மணி நேரம் திட்டு விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கேயே தெரிவியுங்கள். தேநீருக்கும் வடைக்கும் கணக்கு வேண்டும்.